வெளிறிய செவ்வகம்

ரொசமேல் போகும்போது எடுத்துப்போனது
ஒரு சூட்கேஸ், துளை போடும் மெஷின், டிவி.
விட்டுப்போனது
சுவரில் நான்கு போல்ட்டுகள்,
அவற்றைச் சுற்றி
ஒன்பது வருட அடுப்புப் புகை படியாத
வெளிறிய செவ்வகம் ஒன்று.

"பெயின்ட் அடித்தால் மலிவு" என்றாள் அந்தோனெலா.
மகளின் கணக்கு எப்போதும் சரி.
ஆனாலும் ஆலையில்
மீன் டப்பாக்கள் ஊர்ந்துபோகும் பெல்ட்டின் முன்னால்
மூன்று மாதமாய் நான் நினைத்துக்கொண்டிருந்தது
அந்த நாற்பத்துமூன்று அங்குலத்தை
அப்படியே விழுங்கிவிடும் ஒன்றை.

மூலைக்கு மூலை அளக்க வேண்டும் என்று தெரியாமல்
படுக்கவாட்டில் டேப்பைப் பிடித்தேன்.
படுக்கையறைக் கதவில் பாதி போய்விட்டது.
அவள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம்.
பிறகு ஆலையின் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி
ஒரு வாரம் அட்டையைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.
அட்டையில் ஒரு மீன்.
எல்லா நேரமும் அதே மீன்.

சனிக்கிழமை தால்காவானோவில் கடை முழுக்க
ஒரே பஞ்சவர்ணக்கிளி
அறுபது திரைகளில் ஒரே நொடியில் சிறகு விரித்தது.
விற்பனையாள் நிபால்தோ
கிளிக்குப் பின்னால் இருந்த இருட்டைத் தொட்டுக் காட்டினான்:
"இது உண்மையான கறுப்பு, அம்மணி.
மற்றதெல்லாம் சாம்பல்."
உண்மையான கறுப்புக்கு இரண்டு லட்சம் பெசோ கூடுதல்.
இரவு ஷிப்ட் முடிந்து நாலரை மணிக்கு
துறைமுகத்தில் தினமும் பார்க்கிறேனே,
அது இலவசம் என்றேன்.

என் உறையில் மூன்று லட்சம்.
தவணை வேண்டாம்.
ரொசமேலின் படகு மோட்டாருக்கே
இன்னும் ஏழு தவணை என் பெயரில் ஓடுகிறது.

ஒரு மணி நேரம் ஒன்றையே சுற்றிச்சுற்றி வந்தேன்,
மெல்லிய விளிம்பு, உறைக்கு மேல் எண்பதாயிரம்.
அப்போதுதான்
விலைச்சீட்டுகள் ஆடத் தொடங்கின.

இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை.
எண்ணுவோம்.
ஒன்று, இரண்டு, மூன்று,
அறுபது கிளிகளும் நடுங்கின.
அவரவர் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார்கள்.
நிபால்தோ கடையிலேயே விலை கூடியதை
இரு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றான்,
அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள்போல.
பதினெட்டு, பத்தொன்பது.
என் கைகள் எதைப் பிடித்திருக்கின்றன என்று
அப்போதுதான் பார்த்தேன்.
அந்த மெல்லிய விளிம்பை அல்ல.
தூணோரம் ஐம்பத்தெட்டு அங்குலம்,
போன வருட மாடல், அடிச்சட்டத்தில் ஒரு கீறல்.
முதுகு வெதுவெதுப்பாக இருந்தது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகுபோல.
இருபத்தாறில் நின்றது.

"விடு அம்மா, நின்றுபோச்சு."
விடவில்லை.
"அது காட்சிக்கு வைத்தது" என்றான் நிபால்தோ, தலை கலைந்து.
"பத்து மாதமாய்க் கிளி காட்டியே களைத்தது."
இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.
சுவர்ச்சட்டம் சேர்த்துத் தரச்சொன்னேன்.
நிலம் ஆடிய பிறகு மனிதர்கள்
கொஞ்ச நேரம் பேரம் பேசமாட்டார்கள்.
அது எனக்குத் தெரியும்.

பழைய போல்ட்டுகள் எதற்கும் பொருந்தவில்லை.
கீழ்வீட்டு எலெயூத்தேரியோவின் மெஷினை இரவல் வாங்கி
நான்கு புதுத் துளை போட்டேன், நானே.
ஒன்று கோணல். வாஷர் வைத்து முறுக்கினேன்.
இழுத்துப் பார்த்தேன், தொங்கிப் பார்த்தேன்.
அடுத்த ஆட்டத்துக்கு அசையாது.

சுவிட்சைப் போட்டால்
எங்கள் கூடத்தில் சிறகு விரிக்கிறது அதே கிளி.
கடையின் படம் உள்ளேயே தங்கிவிட்டதாம்.
அந்தோனெலா மெனுவில் தேடிக்கொண்டிருக்கிறாள்.
இருக்கட்டும், முதலில் சாப்பிடு என்கிறேன்.

கேஸ் குழாய் இடிப்பதால்
இன்னும் இடப்பக்கம் நகர்த்த முடியவில்லை.
ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு
வெளிறல் தெரிகிறது.

"பெயின்ட்" என்கிறாள், தட்டிலிருந்து தலை தூக்காமல்,
"சின்ன டப்பா போதும்."