பதிமூன்றே கால்

ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டி,
டயருக்கு முப்பது வைத்துவிட்டு
"இனிமே உங்க கால்லதான் சார் மைலேஜ்" என்றார்
புதுப்பேட்டை ஜிலானி.

இருபத்திரண்டு வருட ஜென்னை
முட்டை மேல் மிதிப்பதுபோல் மிதிக்கிறேன்.
டிக்கியிலிருந்த அரை மூட்டை சிமென்ட்,
எந்தக் கதவுக்கென்றே தெரியாத கீல்கள்,
ஒற்றைச் செருப்பு
எல்லாம் இறக்கியாயிற்று.
கத்திபாரா இறக்கத்தில்
ஹார்ன் அடிப்பவனுக்கெல்லாம் வழிவிட்டு
சும்மா உருள்கிறேன்.
பதினொன்று
பதிமூன்றே கால் ஆகியிருக்கிறது.

மத்திய கைலாஷ் சிக்னல்.
நூற்று நாற்பது வினாடி.
இன்ஜினை அணைத்தேன்.
ஏசியும் நின்றது.

கண்ணாடியை இறக்கிக்கொண்டே
மங்கை கேட்டாள்:
"கிண்டி ஸ்டேஷன்கிட்டயே ஒண்ணு கேட்டேனே,
காதுல விழலையா,
விழாத மாதிரி ஓட்டினியா?"

ஸ்டார்ட் செய்ய
இன்னும் தொண்ணூற்றொரு வினாடி.