உதிர்ந்த இடம்

டொங்காட் மெயின் ரோட்டில்
போன மாதம்வரை மீன் பொரித்த கடை.
எண்ணெய்ப் பிசுக்கை மூன்று நாள் சுரண்டினோம்
நானும் தெம்பாவும்.
இனி அது ரோமா.

மூட்லி கைபேசியை நீட்டினார்.
"சுவர் முழுக்க இதுதான் வேணும், நெரிசா.
வெடிப்பு மட்டும் வேண்டாம்.
ஓதம்னு நெனச்சிடுவாங்க."

யாரோ ஒரு ரோமானியன் வீட்டில்
ஈரப் பூச்சில் எழுதிய கடல்.
கடல்மேல் பொன்மயிர்க் கிடா.
கிடாவின் முதுகில் அண்ணன்.
தண்ணீரில், இடுப்புக்குமேல் மட்டும், தங்கை.
அவன் குனிகிறான், அவள் எட்டுகிறாள்,
கைகள் சேரவேண்டிய இடத்தில்
பூச்சு உதிர்ந்து
தோசைக்கல் அளவுக்கு வெறுஞ்சுவர்.

பிடித்தானா, என்று கேட்டான் தெம்பா.

மூட்லிக்குக் கதை தெரிந்திருந்தது.
சித்தி கொடுமைக்குத் தப்பி ஓடிய பிள்ளைகள்,
பாதி வழியில் பெண் விழுந்துவிட்டாள்,
விழுந்த கடலுக்கு அவள் பெயரையே வைத்தார்கள்.
பையன் கரை சேர்ந்ததும்
சுமந்துவந்த கிடாவையே வெட்டிப் படைத்தானாம்.
"நம்ம ஆளுங்க மாதிரிதான்" என்று சிரித்தார்.
"ஆனா நீ கையைச் சேர்த்துடு.
சாப்பிடுறவங்க பார்க்கணும்ல."

முதல் நாள் கடல்.
நீலம் இல்லை அதில்.
பாசி கலந்த சாம்பல், ஊறிய சாக்கு நிறம்.
எனக்குக் கலக்கத் தெரிந்த நிறம்தான்:
ஏப்ரலில் எங்கள் ஆறு
அந்த நிறத்தில்தான் சமையலறைக்குள் வந்தது.

அடுத்த நாள் கிடா.
தெம்பா பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சுருள்மயிர் போட்டான்.
மஞ்சள் போதாமல் வெருலம்வரை போய் வாங்கிவந்தோம்.

பிறகு பையனின் முகம்.
பயம் போதவில்லை.
வரைந்தவன் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறான்,
மேலே உட்கார்ந்து பார்த்ததில்லை.

நான் உட்கார்ந்திருந்தேன்.
கிடா அல்ல, பச்சைத் தண்ணீர்த் தொட்டி,
கொல்லையிலிருந்து பெயர்ந்து மிதந்தது.
கால்களால் இடுக்கிக்கொண்டு
ஒரு கையில் விளிம்பு,
ஒரு கையில் தேஷன்.
என்னைவிட ஆறு வயது இளையவன், என்னைவிடக் கனம்.
கரும்புத் தோகை, எவர் வீட்டு மெத்தையோ,
கேஸ் சிலிண்டர், எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.
அவன் ஏதோ சொன்னான்.
விடு என்றிருக்கலாம்.
விடாதே என்றும் இருக்கலாம்.

போலீஸ்காரி, கை நழுவியது என்று
ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள்.
தமிழில் அதற்கு இன்னொரு சொல் இருக்கிறது.
வீட்டில் யாரும் சொல்லவில்லை.
ஆடி மாதம், கூழ் வரிசையில்,
எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்:
தம்பியைக் கைவிட்டவள்.

ஆற்றுக்கு யாரும் பெயர் மாற்றவில்லை.

கடைசியில் உதிர்ந்த இடம் மட்டும் பாக்கி.
விரல்களைக் கரித்துண்டால் போட்டேன், பின்னியபடி.
அழித்தேன்.
ஒரு நூல் இடைவெளி விட்டுப் போட்டேன்.
அழித்தேன்.
சுவரில் கரி மேகம்போல் படிந்தது.
தெம்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
இரண்டு கையாலும்,
எதுவும் கேட்காமல்.

சுண்ணாம்பைக் குழைத்து
அந்த இடத்தை வெள்ளையாகவே பூசிவிட்டு இறங்கினேன்.

மூட்லி பார்த்துக்கொண்டே இருந்தார்.
சனிக்கிழமை கடைத் திறப்பு.
"வேலை முடியலையே, நெரிசா."
இல்லை என்றேன்.
முந்நூறு ராண்ட் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.
நியாயம்தான்.

இப்போது அந்தச் சுவரடியில்தான்
பிறந்தநாள் மேசைகள் போடுகிறார்களாம்.
ஏதோ ஒரு குழந்தை நாற்காலிமேல் ஏறி
தக்காளி பூசிய உள்ளங்கையை
அந்த வெள்ளையில் பதித்துவிட்டதாம்.
வந்து பூசிவிட்டுப் போ என்று மூட்லி போன் செய்தார்.

வாளியும் பிரஷும் எடுத்து வைத்தாயிற்று.
பாலத்தைத் தாண்டவேண்டும்.
மழை வரும்போல் இருக்கிறது.
நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்,
மூன்று வாரமாக.