எண்பத்துமூன்று கிலோ

பழைய உரக் காம்பராவை இடிக்கையில்
மூலையில் கிடந்தது.
இரும்பு விலைக்கு எடுத்துக்கொள் என்றார் கிளாக்கர்.
கொழுந்து நிறுக்கும் தராசிலேயே தூக்கிப் போட்டார்கள்.
எண்பத்துமூன்று.
என் கொழுந்தில் ஈரமென்றும் சாக்கென்றும்
நாள் தவறாமல் நான்கு கிலோ கழிப்பவர்
துருவுக்கென்று
ஒரு கிராம் கழிக்கவில்லை.

தீபாவளி முற்பணம் அப்படியே போனது.
சில்லு உருளாத வண்டியை ஏழுபேர் சுமந்துவந்து
இஸ்தோப்பில் இறக்கியதும்
"எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்றான் சிட்டுவேலு.
லயமே சிரித்தது. நானுந்தான்.

பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க
எஞ்சின் மூடியில் மூன்று துப்பாக்கிகள்
ஒன்றோடொன்று சாய்ந்தபடி வெளியே வந்தன.
பி.எஸ்.ஏ. பேன்டம்.
புகைக்குழாய்க்குள் குளவிக்கூடு,
நல்லவேளை, குடியில்லை.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
பிளக் துளையில் லாம்பெண்ணெய் ஊற்றிவிட்டு
மலைக்குப் போவேன்.
மாலையில் கை கழுவுமுன் கிக்கரில் ஒரு மிதி.
கல்.
மறுநாளும் கல்.
பதினோராம் நாள்
ஒரு மயிரிழை இறங்கியது.
அன்று சோறு குழைந்துவிட்டது.

டாங்கிக்குள் கூழாங்கல் போட்டு
நானும் மகள் ரொஷாந்தினியும் ஆளுக்கொரு பக்கம் குலுக்க
இரவுக் காவல் முடித்துத் தூங்கவந்த பக்கத்துக் காம்பராக்காரர்
சுவரில் உதைத்தார்.
நட்டெல்லாம் நெஸ்டமோல்ட் டின்னில்,
கார்புரேட்டர் ரொட்டித் தட்டில்.
இடுப்புப் படங்கை வண்டிக்குப் போர்த்திவிட்டு
ஒரு வாரம் நனைந்தபடி கொழுந்தெடுத்தேன்.

கொழும்பில் கடைவேலை பார்க்கும் மனுசனுக்கு
கிளச் தட்டைக் கோப்பி ஒற்றையில் வரைந்து அனுப்பினேன்.
பஞ்சிகாவத்தையெல்லாம் அலைந்து,
அட்டன் பஸ் கொண்டக்டர் கையில்
தட்டும் கொடுத்துவிட்டார், ஒரு பென்சில் பெட்டியும்.
பாயிண்ட் இடைவெளிக்கு அளவுத்தகடு இல்லை.
போன தேர்தலுக்கு வந்த வாக்காளர் அட்டை
அச்சொட்டாக நுழைந்தது.
அதற்காவது உதவியதே.

ஒரு ஞாயிறு, எதிர்க்காம்பரா தெரியாத மூட்டத்தில்
மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட பிறகு
இருமியது.
இருமி, நின்று,
பிறகு நிற்கவேயில்லை.
நீலப் புகை கொடித்துணியெல்லாம் ஏற
ஏச்சு வந்தது நான்கு வாசலிலிருந்து.
ஒன்றும் என் காதில் விழவில்லை.

பதிவுக் கந்தோரில் கேட்டார்கள்:
புத்தகம் எங்கே?
இல்லை.
விலாசம்?
ஆறாம் லயம், ஒன்பதாம் காம்பரா.
வீதி?
வீதி இல்லை, ஐயா.
முதல் சொந்தக்காரர்?
தெரியாது.
இங்கே எப்படி வந்தது?
கப்பலில், என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
"நான் வண்டியைக் கேட்டேன்."
நானும் வண்டியைத்தான் சொன்னேன்.

படிவத்தைத் திருப்பித் தந்தார். இன்னொரு நாள் வரவேண்டுமாம்.

இலக்கத் தகடு இல்லாமல் பெரிய ரோட்டில் ஏற முடியாது.
ஆகவே மூன்றாம் நம்பர் மலைவரை,
அங்கிருந்து பங்களா வளைவு,
பிறகு இறக்கத்தில் கேட்டடி.
எஞ்சினை அணைக்காமல் கொஞ்சம் நிற்பேன்.
நோர்வூட் பஸ் கடந்து போகும்,
கொண்டக்டர் கை காட்டுவார்.
திருப்புவேன்.

முன்விளக்குக்கு ஆறு வோல்ட் பல்ப்
இன்னும் அகப்படவில்லை.
இருட்டுமுன் லயத்துக்கு ஏறியாக வேண்டும்.