நான்காம் பீரியட்

மார்ச் மாதம். நெப்ராஸ்காக் காற்று
கொடிக்கம்பத்தின் கயிற்றைக் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது.
அறுபத்தொரு பிள்ளைகள், அறுபத்தோர் இடங்கள்.
மூன்று மணிக்குள் பட்டியல் முதல்வரின் மேசைக்குப் போக வேண்டும்.

கணினி எப்போதோ சொல்லிவிட்டது.
ஆனாலும் முதல் ஐந்து பேரை
நான் பென்சிலால் போட்டுப் பார்ப்பேன்.
பத்தொன்பது வருஷப் பழக்கம்.
அதன் மேல் சந்தேகம் ஒன்றுமில்லை,
அது என்னைவிட நன்றாகத்தான் வகுக்கிறது.

விதி எளிது.
ஏ வாங்கினால் நான்கு, பி என்றால் மூன்று.
கல்லூரித் தரத்து வகுப்பானால் ஒன்று கூடுதல்.
எல்லாவற்றையும் கூட்டி
எத்தனை வகுப்போ அத்தனையால் வகு.
ஈவு வரும்.
இரக்கத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அயோனி பிராண்ட்வோல்ட்:
இருபத்தெட்டு வகுப்புகள், இருபத்தெட்டும் ஏ.
பத்து ஐந்துகள், பதினெட்டு நான்குகள்.
நூற்று இருபத்திரண்டை இருபத்தெட்டால் வகுத்தேன்.
4.357.

கார்வின் ஹாஸ்:
இருபத்துநான்கு வகுப்புகள். கல்லூரித் தரத்து வேதியியலில் ஒரு பி.
நான்கு வருஷமும் நான்காம் பீரியட் ஸ்டடி ஹால்.
சும்மா உட்காரும் வகுப்புக்கு மதிப்பெண் இல்லை,
மதிப்பெண் இல்லாதது வகுக்கவும் வராது.
நூற்று ஐந்து, இருபத்துநான்கால்.
4.375.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
அதே நான்கு, அதே மூன்று,
ஐந்தும் ஏழும் மட்டும்
நாற்காலி மாறி உட்கார்ந்திருந்தன.

பேண்ட் வகுப்புதான் காரணம்.
நான்கு வருஷம் டிரோம்போன். நான்கு ஏ.
அதைத் தொடாமலே இருந்திருந்தால்
நாலு புள்ளி நாலையும் தாண்டியிருப்பாள்.
நான்குக்கு மேலே ஏறிவிட்டவளை
முழு நான்கே காலைப் பிடித்து இழுக்கிறது.
ஒரு தப்பும் செய்யாமல்
இரண்டாவதாகிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் வெர்லுக்குத் தானியக் கிடங்கில் எடைமேடை வேலை.
சோளத்தோடு லாரியை நிறுத்துப் பார்ப்பார்,
கொட்டிய பிறகு வெறும் லாரியை நிறுத்துக் கழிப்பார்.
இங்கே என்ன கழிக்கிறோம் என்று
இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

அயோனி இரண்டேகாலுக்கு ஜன்னலுக்கு வந்தாள்.
சான்றிதழை வாங்கினாள், 2 என்பதைப் பார்த்தாள்,
"ஓ" என்றாள்.
மடித்து, டிரோம்போன் பெட்டியின் மூடிக்குள்
எண்ணெய்ப் புட்டி பக்கத்தில் செருகிக்கொண்டாள்.
தாழ்ப்பாள் ஒன்று சரியாக மூடவில்லை.
முழங்காலால் அமுக்கிப் பூட்டினாள்.

கார்வின் மணியடித்த பிறகு வந்தான்.
காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.
"ஸ்டடி ஹாலையும் ஒரு வகுப்பாகச் சேர்க்க முடியுமா, மிஸஸ் ஷ்ராம்?"
சேர்க்கலாம் தம்பி, சேர்த்தால் பூஜ்யம்,
மூன்றே முக்காலுக்கு இறங்கிவிடுவாய் என்றேன்.
"அப்பாதான் கணக்குப் போட்டார்" என்றான்,
"ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன்பே.
நான் கோரஸில் பாட வேண்டுமென்று பெயர் கொடுத்திருந்தேன்."

நான் ஸ்டாப்ளரை நகர்த்தி வைத்தேன்.
சொல்வதற்கு எதுவும் தோன்றாதபோது
என் கை அதைத்தான் நகர்த்தும்.

"அந்த அறைக்கு அடுத்த சுவர் பேண்ட் அறை" என்றான்.
"நாலு வருஷம் தினமும் ஐம்பது நிமிஷம்.
அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்றுகூட எனக்குத் தெரியும்."

பிறகு, நான் கேட்காமலே,
மேசை விளிம்பில் விரலால் தட்டித் தட்டி
நாலைந்து அடி முனகிக் காட்டினான்.
ஓரிடத்தில் நிறுத்தி
"இங்கே அவள் எப்போதும் கொஞ்சம் முந்திவிடுவாள்" என்றான்.

ஆறாம் எண் பஸ் ஹார்ன் அடித்தது.
ஓடினான், காகிதத்தை மறந்துவிட்டு.
மூன்று மணியாக நாலு நிமிஷம்.
1 என்று அச்சான அந்தத் தாளை
நாளை வந்து கேட்பான் என்று
என் சாப்பாட்டு டப்பாவின் கீழே வைத்திருக்கிறேன்,
காற்றில் பறக்காமலிருக்க.