முப்பத்தைந்தில் ஒன்று

பகலில் ஊருக்குப் பல் கட்டுகிறேன்.
சாட்ஸ்வொர்த், யூனிட் மூன்று,
கராஜை ஒட்டிய அறை.
இரவில் அதே கொக்கிமுனை ஊசியால்
பித்தளைத் தகட்டிலிருந்து
ஒரு மில்லிமீட்டர் கீலை நெம்பி எடுக்கிறேன்.
தும்மினால் போச்சு.
போன வாரம் ஒன்று பறந்துவிட்டது,
தவனேசன் காலில் குத்தும்வரை
கம்பளம் அதைத் தராது.

உடல் பிளாஸ்டிக். டயர் ரெசின்.
விளக்கின் முகத்து வலை பித்தளை.
ஏரியல், கிதாரின் மெல்லிய தந்தி.
கவசக் கண்ணாடி தடிமனில் பச்சையாய்த் தெரியும்,
அதற்கு மை, அரைச் சொட்டு.
பல்லுக்கு என்னிடம் பதினாறு வெள்ளை உண்டு.
இதற்கு வேண்டியது மஞ்சள்:
முப்பது வருஷம் புகைத்தவரின்
கடைவாய்ப்பல் மஞ்சள்.
மூன்று இரவு கலக்கினேன்.

பெட்டியின் மேல் அதற்கு வேறு பெயர்.
நாங்கள் ஹிப்போ என்றோம்.

எண்பத்தைந்தில், பள்ளி வாசலில்
எல்லாரும் ஓடியபோது நானும் ஓடினேன்,
எல்லாரையும்விட மோசமாக.
சாலையோரக் கால்வாயில் விழுந்தேன்.
எனக்கு மேலே வந்து நின்றது அது.
என்ஜின் அணையவில்லை.
தோணியின் அடியைப் போலக் கூர்ந்து இறங்கும் இரும்பு,
அச்சு, போல்ட்டுகள், காய்ந்த சேறு.
இடது பின்பக்கத்திலிருந்து
எண்ணெய் சொட்டியது
என் வெள்ளைக் காலுறையில்.
வேறு வேலை இல்லை, எண்ணினேன்.
இருநூற்றுப் பதினொன்றில்
கியர் மாற்றும் சத்தம். வெளிச்சம்.

பார்க்கிறவர்கள் மேலே பார்க்கட்டும்.
நான் அடிப்பக்கத்திற்கே
நான்கு மாதம் கொடுத்தேன்.

பைன்டவுன் மண்டபத்தில்
வெள்ளைத் துணி விரித்த நீள மேசை.
டைகர்கள், ஷெர்மன்கள், பனியில் ஒரு டி-34,
நடுவில் என் ஹிப்போ, கண்ணாடிமேல் நிறுத்தி,
அடி தெரியும்படி.
நடுவர் டார்ச் அடித்துக் குனிந்தார்.
சேறு மிகச் சிவப்பு என்றார்.
பள்ளி மைதானத்து மண், சலித்தது என்றேன்.
அசல் மண் கூடாது அம்மா,
இந்த அளவில் ஒவ்வொரு மணலும்
ஒரு கல்லாகிவிடும் என்றார்.
ஆமாம் என்றேன்.

பிறகு எண்ணெய்க் கறை.
அந்த இடத்தில் ஒழுகாது,
புத்தகத்தில் படம் இருக்கிறது என்று
பென்சிலை நாக்கில் தொட்டார்.

"எங்கள் வண்டியில் ஒழுகியது."

மேசைக்கு அந்தப் பக்கம்
காகிதக் கோப்பையோடு ஒரு பெரியவர்.
சட்டைப் பட்டையில் டிர்க் என்ற பெயர்.
"இடது பின்பக்கம். மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன்.
யாரும் சரிசெய்யவில்லை."

அதன்பின் சொல்ல அவருக்கு ஏதோ இருந்தது,
கேட்க எனக்கும்.
எந்த வருஷம், எந்தச் சாலை.
எத்தனையோ வண்டிகள், எல்லாமே ஒழுகியிருக்கலாம்.
அவர் கண்ணாடியில் தெரிந்த அடியைப் பார்த்தார்.
ஓட்டியவர் அதை அதிகம் பார்த்திருக்கமாட்டார்.
நான் உள்ளே பார்த்ததே இல்லை.

"சீட் பெல்ட் கறுப்பில்லை" என்றார் கடைசியில்.
"பச்சை. வெயிலில் வெளுத்த பச்சை.
உள்ளே அவ்வளவு சூடு."
சூடு என்ற சொல்லை நான் வாங்கிக்கொள்ளவில்லை.
பச்சையை வாங்கிக்கொண்டேன்.

கறைக்கு மதிப்பெண் திரும்பி வந்தது.
சிவப்புக்கு வரவில்லை.
டயரில் அச்சுக்கோடு ஒன்று சீவாமல் விட்டிருக்கிறேன்,
அது என் தப்பு.
நான்காம் இடம். டி-34க்கு முதலிடம்,
பனி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை திருமதி வடிவாம்பாளின்
மேல்தாடை தர வேண்டும்.
மெழுகு ஆறும்வரை
பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்,
தூரிகையில் மூன்றே மயிர்.
பதினொன்றில் ஆறு பெல்ட் பச்சையாகிவிட்டது.
மீதி ஐந்தைக்
கறுப்பாகவே விடலாமா என்று பார்க்கிறேன்.