கட்டைவிரல்

பகாவ் கடைவரிசையில்
இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி எங்கள் கிளினிக்.
கண்ணாடிக் கதவில் சிரிப்பவளுக்கு
மூக்கோரம் ஒரு துளைகூடக் கிடையாது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் வைத்துக்கொண்டு யுகேஸ்வரி
'லேசர் ஆறு தடவை, ஏழாவது இலவசம்' அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
தவணை உண்டா, அக்கா?
உண்டு.

பக்கத்து நாற்காலியில் தனபாக்கியம்.
மருந்தடிப்பு முடிந்து நேரே வந்திருக்கிறார்,
செம்பனைக் காட்டுச் சேறு படி முழுக்க.
கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போன
பொருள் மாதிரி.

அரிப்பா, எரிச்சலா என்று கேட்டேன்.
"அதெல்லாம் பழகிப்போச்சும்மா.
பேங்குல மெஷினு என் வெரல எடுக்க மாட்டேங்குது.
மூணு தடவ வச்சேன்.
பின்னால நிக்கிறவங்க பாக்குறாங்க,
அடுத்தவ காச எடுக்க வந்தவ மாதிரி."

டாக்டர் இங் விளக்கடியில் விரலைப் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
ரேகை இருந்த இடம் வழுவழுவென்று
எங்கள் கதவுக்காரியின் கன்னம்போல.

களிம்பு. பஞ்சுக் கையுறை, அதன்மேல் ரப்பர் உறை.
இரண்டு மாதம் மருந்தடிக்கக் கூடாது.
இதற்கு மட்டும் அவர் சிரித்தார்.

எண்பத்தைந்து வெள்ளி,
வியர்வையில் ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பிரித்துத் தந்தார்.
இங்கே ஒரு கையெழுத்து என்றேன், பழக்கத்தில்.
பேனாவை வாங்கவில்லை.
மைப்பெட்டி இருக்கா?

யுகேஸ்வரி அட்டையை விட்டு எட்டிப் பார்த்தாள்.
தாளில் விழுந்தது
ஒரு கோடும் இல்லாத நீல வட்டம்.
ஊதிக் காயவைத்து
கோப்பில் சேர்த்தேன்.