பிரச்சினை எதுவுமின்றி

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில்
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று
மும்மொழியிலும் பலகை. சிங்களத்தில் ஓர் எழுத்து
மழையில் கழன்றுபோய் இரண்டு வருடம்.
பக்கம் ஆயிரத்தைந்நூறு.
அவசரமென்றால் இரண்டாயிரம்.

இஷ்யூ என்ற சொல்லை
எத்தனை விதமாய் விற்றிருக்கிறேன்.
கடவுச்சீட்டில் அது வழங்கிய திகதி.
சஞ்சிகைக்காரருக்கு இதழ்.
வழக்குரைஞர் நீதிபதி முன் வைத்தால் எழுவினா.
கீழே கொப்பிக் கடை ஷிராஸ்
"மெஷின்ல ஒரு இஷ்யூ" என்றால்
அன்றைக்கு யாவாரம் இல்லை.

ஒரு வெள்ளி, பின்னேரம் மூன்றே முக்கால்.
நாலு மணிக்கு மின்வெட்டு.
பிலோமினா கொரேரா, கொட்டாஞ்சேனை,
கணவரின் சொத்து மனு.
ஆங்கிலத்தில் அவர் முழுவதும் ஒரே வரி:
இறுதி விருப்பாவணம் எழுதாமலும்
இஷ்யூ இல்லாமலும் இறந்தார்.

நான் தட்டினேன்:
"பிரச்சினை எதுவுமின்றி இறந்தார்."

உதவிக்கு வரும் பொடியன் மேல் போட்டிருக்கலாம்.
அவன் அன்று லீவு.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
வரியின் கீழ் விரல் நகர்த்தி வாசித்தார்.
விரல் நின்றது. தோள் குலுங்கியது.
அழுகிறாரென்று தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன்.
சிரிப்பு.

"பெரியாஸ்பத்திரியில எழுபத்தொரு நாள், மகன்.
ரெண்டு தரம் ஐ.சி.யூ.
கடைசி வாரம் என்னைத் தங்கச்சின்னு நினைச்சு
மாங்கா வாங்கின மிச்சக் காசு எங்கேன்னு
கேட்டுக் கேட்டு அடிச்சார்.
பிரச்சினை எதுவுமின்றி!"

மன்னிப்புக் கேட்டேன்.
சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப்
பிள்ளை என்று பொருள், அம்மா.
வெளியே வருவது. அதுதான் வேர்.
சந்ததியின்றி என்று திருத்துகிறேன்.

சிரிப்பு நின்றது.
"ஒண்ணு இருந்திச்சு" என்றார்.
"ஆறு நாள்.
ஞானஸ்நானம் ஆஸ்பத்திரியிலேயே,
நர்ஸ் ஊத்தின தண்ணி.
ஜெரோம்னு பேர் வச்சோம்.
சந்ததியின்றின்னு போட்டா பொய்யாப் போகாதா?
கீழ நான் சத்தியம் பண்ணிக்
கையொப்பம் வைக்கணுமே."

இருபத்திரண்டு வருடம் இந்தக் கதிரையில்.
மூலத்தில் இல்லாததைச் சேர்க்கமாட்டேன்,
உள்ளதைக் குறைக்கமாட்டேன்:
அது நான் பண்ணிய சத்தியம்.
அகராதியை எடுத்தேன்,
அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க.
சந்ததி. வமிசம். மகப்பேறு. வழித்தோன்றல்.
நூறு வருடம் கொள்ளும் சொற்கள்.
ஆறு நாளை வைக்க எதிலும் இடமில்லை.

ஆனால் சட்டம் கேட்பதோ
சாகும்போது யார் மிச்சம் என்பதை மட்டும்.
அதற்கு முன்னால் நடந்தவை
அதற்குத் தேவையில்லை; மறுப்பும் இல்லை.
எழுதினேன்:
"இறக்கும்போது பிள்ளைகள் எவரும்
உயிருடன் எஞ்சியிராமல்."
ஒரு சொல்லுக்கு ஐந்து சொல்.
பதிவாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மூன்று தரம் வாசித்தார்.
எஞ்சி என்ற இடத்தில் விரல் கொஞ்சம் தங்கியது.
பேனை கேட்டார்.

முத்திரை குத்தி, மை காய ஊதி,
பிழையான தாளைக் கசக்கப் போனேன்.
கையைப் பிடித்தார்.
"அதைத் தாங்க.
கோர்ட்டுக்கு இல்ல.
அவர் அப்படித்தான் போனார்னு
ஒரு கடதாசியிலாவது இருக்கட்டும்."

நாலாய் மடித்துக் கைப்பைக்குள்,
மாத்திரைப் பெட்டிக்கும் செபமாலைக்கும் நடுவில்.
அந்தத் தாளுக்கும் காசு நீட்டினார்.
வாங்கவில்லை. முத்திரையும் கேட்கவில்லை அவர்.

மின்சாரம் போனது.
இருட்டில் ஒவ்வொரு படியாய்
அவர் செருப்பு இறங்கும் சத்தம்.
கீழே ஷிராஸ் யாருக்கோ சொன்னான்:
"இஷ்யூ ஒண்ணுமில்ல,
ரெண்டு மணித்தியாலத்தில வந்துரும்."